ஏப்ரல் என்று சொன்னால் போதும்

காலை எட்டே முக்கால். இருபத்தைந்து நிமிடம். சகாய வினோலியா. ஸ்கேன் அறைக் கதவுக்கு மேலே இருந்த சின்னத் திரையில் அவளைப் பற்றி இவ்வளவுதான் போட்டிருந்தது. நாட்டுக்காக நாற்பது ஒருநாள் ஆட்டங்களுக்கு மேல் ஆடிய வேகப்பந்து வீச்சாளர் என்று போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் அந்த இடத்துக்கு முதுகு வலிக்காரர்கள்தான் காலையில் வருகிறார்கள், அவளுக்கு முன்னால் போனவர் ஒரு வங்கி மேலாளர். “கம்மல், கொலுசு, பின்னு ஒண்ணும் இல்லீல்ல மேடம்?” என்று டெக்னீஷியன் பெண் கேட்டாள். இல்லை. “உடம்புக்குள்ள பிளேட், ஸ்க்ரூ ஏதாவது?” “இன்னும் இல்ல” என்றாள் வினோலியா. அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது இதைச் சொல்வார்கள் போல. முழங்காலுக்கு அடியில் பஞ்சு மெத்தை, காதில் பெரிய ஹெட்ஃபோன், வலது கையில் ஒரு ரப்பர் குமிழ். “பயமா இருந்தா இதை அமுக்குங்க, நான் வந்துடுவேன். ஆனா அசையாதீங்க. அசைஞ்சா திரும்ப முதல்லேர்ந்து எடுக்கணும். வெளிய வந்ததும் டாக்டர் ரெண்டு கேள்வி கேப்பார், அவ்வளவுதான்.” அவ்வளவுதான். நேற்று ரகுநந்தனும் இதே சொல்லைத்தான் சொன்னார். பலகை மெதுவாக உள்ளே நகர்ந்தது, வெள்ளைக் கூரை மூக்குக்கு மேல் ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது, எங்கிருந்தோ குளிர்காற்று நெற்றியில் பட்டது, விரல்கள் தாமாகவே அந்தக் குமிழைச் சுற்றித் தையலைத் தேடின. தையல் இல்லை. வழுவழுவென்று, முட்டை மாதிரி. தையல் இல்லாத பந்தை என்ன செய்வது, பிடித்துக்கொண்டு கிடக்கத்தான் வேண்டும்.

டக் டக் டக் டக் என்று ஆரம்பித்தது. பக்கத்து வீட்டில் சுவரில் துளை போடுகிற சத்தம், ஆனால் சுவர் அவள். ரகுநந்தன் கிரிக்கெட் வாரியத்தில் மகளிர் பிரிவுக்கு மேலாளர். யார் எந்த விமானத்தில் போவது என்பதிலிருந்து யாருக்கு எந்த ஒப்பந்தம் என்பது வரை எல்லாம் அவர் கை வழியாகத்தான் போகும். மயிலாப்பூர்க்காரர். தமிழ்ப் பிள்ளை என்று அவளிடம் மட்டும் தனியாக ஒரு குழைவு. நேற்று மத்தியானம் அக்கா வீட்டில் மீன்குழம்பில் கை வைத்திருந்தபோது கூப்பிட்டார். “வினோ, எப்படிம்மா இருக்கே? சாப்டியா? சாப்பிடு சாப்பிடு, நான் பேசறேன், நீ கேளு.” வினோவாம். அவளை வினோ என்று கூப்பிட அம்மாவுக்கும் அக்காவுக்கும்தான் பாத்தியதை, இந்த ஆளுக்கு யார் கொடுத்தது? “நாளைக்கு ஸ்கேன் முடிஞ்சதும் டாக்டர் எப்பலேர்ந்து வலின்னு கேப்பார். ரிப்போர்ட் நேரா எங்களுக்குத்தான் வரும். ஏப்ரல்ல உங்க துறைமுக ஆபீஸுக்கு ஒரு மேட்ச் ஆடினேல்ல, மதுரைல?” ரெண்டு ஓவர் போட்டேன் சார். “அதான். அங்க ஆரம்பிச்சதுன்னு சொல்லு. ஏப்ரல்னு சொன்னா போதும். அவ்வளவுதான். காண்ட்ராக்ட் லிஸ்ட்ல உன் பேர் இருக்கு, நானே பாத்துட்டேன், பி கிரேடு. எதுக்கும்மா வீணா?” எதுக்கு வீணா என்பதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மிரட்டினாரா என்று கேட்டால் மிரட்டவில்லை. பேரம் பேசினாரா என்றால் அதுவும் இல்லை. சாப்பிடு என்றார், உடம்பைப் பார்த்துக்கொள் என்றார், வைத்துவிட்டார். கையில் குழம்பு காய்ந்துபோயிருந்தது. திட்டுவதற்குக்கூட ஒரு பிடி கொடுக்காமல் பேசுகிற மனிதர்கள் எங்கிருந்து வருகிறார்கள், இவர்களுக்கென்று தனியாகப் பள்ளிக்கூடம் எதுவும் இருக்கிறதா, அந்தக் குழைந்த குரலை நினைத்தால் முதுகெலும்பை விடப் பல் அதிகமாக வலிக்கிறது, பல்லைக் கடிக்கக்கூடாது, தாடை அசைந்தாலும் அசைவுதான், திரும்ப முதல்லேர்ந்து.

பிப்ரவரி. ஏப்ரல் இல்லை, பிப்ரவரி. பிப்ரவரியில் அந்தக் குளிர்நாட்டுச் சுற்றுப்பயணம், மூன்றாவது ஒருநாள் ஆட்டம், அவளுடைய ஏழாவது ஓவர், காற்று எதிரே. இடது காலை ஊன்றி இடுப்பை வளைத்துக் கையைச் சுழற்றுகிற அந்த நொடியில் கீழ்முதுகில் இடது பக்கம் யாரோ ஈரத் துணியைக் கிழித்த மாதிரி இருந்தது. வலது கையால் போடுகிறவளுக்கு இடது பக்கம்தான் போகும். வேகமாகப் பந்து போடுகிற எல்லோருக்கும் இது தெரியும். பந்து நன்றாகத்தான் போனது, ஆட்டக்காரி தொடாமல் விட்டாள். வினோலியா குனிந்து ஷூ நாடாவைக் கட்டுவதுபோல் உட்கார்ந்தாள். ஷர்மிஷ்டா தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தாள். அணியின் பிசியோ, கல்கத்தாப் பெண், அவளை விட மூன்று வயது பெரியவள். “என்ன, டைட்டா?” என்று கேட்டாள். வலிக்கிறதா என்று கேட்கவில்லை. டைட்டா. கேள்வியிலேயே பதிலை வைத்துக் கொடுத்தாள், குழந்தைக்கு ஊட்டுவது மாதிரி. “டைட்தான்” என்றாள் வினோலியா. “போடுவியா?” “போடுவேன்.” போட்டாள். மிச்சப் பந்துகளையும் போட்டாள், அதற்குப் பிறகு இன்னும் மூன்று ஓவர், அதற்குப் பிறகு இரண்டு ஆட்டம், ஊசி போட்டுக்கொண்டு.

டைட். அந்த ஒரு சொல்லில்தான் போய் முட்டுகிறது, எங்கே சுற்றினாலும். உடை மாற்றும் அறையில் வலி என்று ஒருத்தியும் சொல்லமாட்டாள். எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை, யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததும் இல்லை, ஆனால் ஊர் ஊராக, மொழி மொழியாக வந்து சேர்ந்த பதினைந்து பேருக்கும் இது மட்டும் ஒரே மாதிரி தெரியும். டைட்டாக இருக்கலாம், கனமாக இருக்கலாம், கொஞ்சம் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லலாம். வலி என்றால் ஷர்மிஷ்டா அதை அன்றைக்கே மேலே தெரிவித்தாக வேண்டும், தெரிவித்தால் மூன்று வாரம் உட்காரவைக்க வேண்டும், உட்கார்ந்தவளின் இடத்துக்கு அடுத்த விமானத்தில் ஒருத்தி வருவாள். ஒடிசாவிலிருந்து வந்த இடதுகைப் பெண் ஒருத்தி, முதல் பயணம், காலைச் சாப்பாட்டு மேசையில் பப்பாளியைத் தின்றுகொண்டே குதிகால் வலிக்கிறது என்று சொன்னாள். யாரோ உப்பு எடு என்றார்கள். சாயங்காலம் அவளுக்கு டிக்கெட் வந்தது, ராத்திரி பெட்டி கட்டினாள், அதற்குப் பிறகு அவளை யாரும் பார்க்கவில்லை. இப்போது புவனேஸ்வரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டு டீச்சர். குதிகால் சரியாகிவிட்டதாம். ஷர்மிஷ்டா மேல் கோபப்பட முடியுமா? முடியும், இந்தக் குழாய்க்குள் கிடந்துகொண்டு யார் மேல் வேண்டுமானாலும் கோபப்படலாம், ஆனால் ஷர்மிஷ்டாவுக்கும் வருடத்துக்கு வருடம்தான் வேலை, அணியில் காயம் கூடினால் பிசியோ சரியில்லை என்பார்கள், அவளும் தன் பங்குக்குத் தன் வாரியத்தைப் பார்த்து டைட் என்று சொல்லிக்கொண்டிருப்பவள்தான். அன்றைக்கு அவளுக்குப் பாட்டில் மூடி திறக்கவில்லை. அது வினோலியாவுக்குத் தெரியும், தெரிந்தும் டைட்தான் என்றாள். யார் யாரைக் காப்பாற்றினார்கள்?

சத்தம் நின்றது. “இன்னும் கொஞ்சம்தான் மேடம், நல்லா ஒத்துழைக்கிறீங்க” என்று காதுக்குள் குரல் வந்தது. நல்லா ஒத்துழைக்கிறீங்க. கல்லில் வெட்டிவைக்கலாம். மறுபடி ஆரம்பித்தது, இந்தத் தடவை கனத்த சத்தம், லாரி ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி. பிப்ரவரியில் அவளுக்கு ஒப்பந்தமே கிடையாது. இதைச் சொன்னால் ஊரில் நம்பமாட்டார்கள். பழைய ஒப்பந்தம் செப்டம்பரோடு முடிந்தது. புதியது வரும் வரும் என்றார்கள். அக்டோபரில் ஆடினாள், டிசம்பரில் ஆடினாள், பிப்ரவரியில் முதுகு போனது, இப்போது ஜூன், இன்னும் வரவில்லை. வந்தால் போன அக்டோபரிலிருந்து செல்லும் என்று முன்தேதி போட்டுக் கையெழுத்து வாங்குவார்கள். இரண்டு வருடம் முன்பும் அப்படித்தான் வாங்கினார்கள். நடந்து முடிந்த ஒரு வருடத்துக்கு, ஆடி முடித்த ஆட்டங்களுக்கு, இன்னின்ன செய்யமாட்டேன் என்று உறுதிமொழி. ஆண்களின் பட்டியல் மட்டும் சொன்ன மாதத்தில் வந்துவிடும். ஏன் என்று ஒருமுறை சீனியர் ஒருத்தி கூட்டத்தில் கேட்டாள். வாரியத்துப் பெரியவர் ஒருவர் ரொம்பப் பொறுமையாக, “வாய்ப்பு கொடுத்திருக்கோம்மா, அதை நினைச்சுப் பாருங்க” என்றார். கொடுத்தார்களாம். இவர் வீட்டுப் பூஜையறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். தூத்துக்குடியில் உப்பளத்து ரோட்டில், லாரி போன இடைவெளியில், பதினோரு வயதில் பந்து போட்டது யார் கொடுத்த வாய்ப்பு? அந்த ஒப்பந்தத்தில் உருப்படியாக ஒரு ஷரத்து உண்டு. நாட்டுக்கு ஆடும்போது காயம் பட்டால் சிகிச்சையும், ஆட முடியாத ஆட்டங்களின் சம்பளமும் வாரியத்தின் பொறுப்பு. வேறு எங்கே பட்டாலும் அவரவர் பாடு. பிப்ரவரி என்றால் வாரியத்தின் முதுகு, ஏப்ரல் என்றால் வினோலியாவின் முதுகு. பிப்ரவரி என்றால் அத்தோடு நிற்காது. உடைந்த முதுகோடு இரண்டு ஆட்டம் ஊசி போட்டு ஆடவைத்தது யார் என்று கேள்வி வரும், ஒப்பந்தமே இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பினார்களா என்று பத்திரிகைக்காரன் எழுதுவான். அதனால்தான் சாப்டியாம்மா. அதனால்தான் பி கிரேடு.

ஏப்ரலில் என்ன போட்டாள் தெரியுமா? ஸ்பின் போட்டாள். மதுரையில் அந்தத் துறைமுக ஆபீஸ் ஆட்டத்துக்கு வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். நீ நின்றால் போதும் போட்டோவுக்கு என்றார் மேலதிகாரி, சம்பளம் தருகிறவர், நல்ல மனிதர். நின்றாள். பந்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஓடிவர முடியாது, இடுப்பு வளையாது, எனவே நாலு எட்டு நடந்து வந்து சும்மா தூக்கிப் போட்டாள். பந்தலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். “என்னம்மா வினோலியா, பாட்டிக்குப் பந்து போடுறியா?” என்று ஒருத்தர் கத்தினார். அவளும் சிரித்தாள். அந்தப் பந்துதான் முதுகெலும்பை உடைத்தது என்று இப்போது அவள் வாயால் சொல்ல வேண்டும். பொய் சொல்வது கூடப் பெரிதில்லை. பொய்யில் ஒரு மரியாதை வேண்டாமா? வேகமாகப் போட்டு உடைந்த எலும்பை, நாட்டிலேயே மூன்று பேர் போடுகிற வேகத்தில் போட்டு உடைந்த எலும்பை, பாட்டிக்குப் போட்ட பந்தின் கணக்கில் எழுதச் சொல்கிறான் ரகுநந்தன். சொல்கிறார். சொல்கிறான்.

வெளியே லீமா அக்கா உட்கார்ந்திருப்பாள், மடியில் வினோலியாவின் கம்மலும் கைக்கடிகாரமும். தாம்பரத்தில் கட்டிக்கொடுத்தது, இரண்டு பிள்ளை, வாய் மட்டும் இன்னும் தூத்துக்குடியிலேயே இருக்கிறது. காலையில் மின்சார ரயிலில் வரும்போது எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஏட்டி, ஏப்ரல்னு சொல்லிட்டு வாயேன். அந்த டாக்டரு என்ன கோயில் சாமியாரா, உன்னப் பாவசங்கீர்த்தனம் கேக்க?” என்றாள். அது வேற க்கா. “என்ன வேற? எட்டாப்பு படிக்கையில டியூசன்னு சொல்லிட்டுப் பயலுவ கூடப் பந்து போடப் போனவதான நீ. அப்ப அம்மாட்ட சொன்ன பொய்யி. இது பேரு தெரியாத டாக்டர்ட்ட. பாத்தா இதுதான் சின்னப் பாவம்.” எதிர் சீட்டுப் பெண்மணி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். பிறகு அக்கா குரலைத் தாழ்த்தி, “அந்த லிஸ்டுல இல்லன்னா ஒன்ன ஆட விடுவானுவளா மாட்டானுவளாட்டி? அத மட்டும் சொல்லு” என்று கேட்டாள். ரயில் சைதாப்பேட்டையில் நின்றது. லிஸ்டில் இல்லாமல் முதுகோடு உட்கார்ந்தால், இருபத்தெட்டு வயதில், யார் திரும்பக் கூப்பிடுவார்கள்? அவளுடைய இடத்துக்கு விதர்பாவிலிருந்து ஒரு பெண் வந்துவிட்டது, பத்தொன்பது வயது, உயரம், நல்லவள்தான், பயணத்தில் வினோலியாவுக்குத் தலைவாரிவிட்டவள். அவளைத் திட்ட வாய் வரவில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது.

மூக்கு அரித்தது. நினைக்கக்கூடாது என்றதும் மூக்கே உலகமானது. எலும்பு உடைந்திருக்குமா? உடையாமல் இருந்தால்? இந்தக் கேள்வி இத்தனை நேரம் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது, இப்போது நேரே வந்து முகத்தின் மேல் உட்கார்ந்தது. படத்தில் ஒன்றும் தெரியாமல், எல்லாம் சரியாக இருக்கிறதே மேடம் என்று சொல்லிவிட்டால்? நாலு மாதமாகச் செருப்புப் போடக் குனிய முடியாதது, இருமினால் கண்ணில் நீர் வருவது, எல்லாம் வெறும் டைட்டாக இருந்துவிட்டால்? அப்போது ஷர்மிஷ்டா சரி, ரகுநந்தன் சரி, பப்பாளி மேசையில் உப்பு கேட்டவள் சரி. உடைந்திருக்க வேண்டும் என்று தான் வேண்டிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. மாதாவே உடைந்திருக்கட்டும் என்று, இந்த ஸ்கேனுக்கு வருகிற அத்தனை பேரும் எது வேண்டாம் என்று கும்பிடுகிறார்களோ அதைக் கேட்டு. தன் எலும்பு முறிந்திருக்க ஒருத்தியை ஆசைப்படவைத்துவிட்டார்களே என்று நினைத்தபோது வந்த கோபம், இதுவரை வந்தது எல்லாவற்றையும் விடச் சுத்தமாக இருந்தது. அதில் வருத்தமும் இல்லை, பயமும் இல்லை, சூடு மட்டும் இருந்தது. குமிழை அமுக்கிவிடலாம். வந்து வெளியே இழுப்பார்கள், பயமாக இருக்கிறது, முடியவில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம், படமும் இல்லை, கேள்வியும் இல்லை, பிப்ரவரியும் இல்லை ஏப்ரலும் இல்லை. கட்டை விரல் ரப்பரில் கொஞ்சம் அழுந்தியது. இன்னும் கொஞ்சம். அமுக்கவில்லை. நாலு மாதம் அசையாமல்தான் இருந்திருக்கிறாள், இன்னும் ரெண்டு நிமிடம் இருந்துவிட்டுப் போகிறாள். ஆனால் இந்த அசையாமை அவளுடையது, அவர்களுடையது இல்லை. சத்தம் ஒருமுறை ஏறி, சட்டென்று அறுந்தது. காதில் காற்றுச் சத்தம் மட்டும் மிச்சம்.

பலகை வெளியே வந்தது. எழுந்திருக்கும்போது வழக்கம்போல் வலது பக்கம் சரிந்து, கையை ஊன்றி, ஒவ்வொரு காலாக இறக்கினாள். டாக்டர் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும், அவளை அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை. அவள் அங்கே போய் நின்றதும் திரும்பாமலே கேட்டார்.

“விழுந்தீங்களாம்மா எங்கேயாவது?”

“இல்ல சார். பௌலிங்.”

“என்ன?”

“கிரிக்கெட். வேகமாப் பந்து போடுவேன்.”

இப்போது திரும்பினார். படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “இடது பக்கம் எலும்புல முறிவு இருக்கு. புதுசு இல்ல, பழசு. இதோட எப்படிம்மா நடமாடினீங்க?” அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். அவர் விசைப்பலகையை இழுத்தார். “எப்பலேர்ந்து வலி? சும்மா ஒரு மாசம் சொன்னா போதும்.”

கதவு இடுக்கில் லீமா அக்காவின் முகம் தெரிந்தது. கண்ணால் ஏதோ சொன்னாள்.

“பிப்ரவரி” என்றாள் வினோலியா. “நாட்டுக்கு ஆடும்போது. மூணாவது மேட்ச், ஏழாவது ஓவர். அதுக்கு மேல ஊசி போட்டு ஆடவச்சாங்க, அதையும் போடுங்க.”

“அப்பவே சொன்னீங்களா யார்ட்டயாவது?”

“டைட்டா இருக்குன்னு சொன்னேன்.”

“வலின்னு சொல்லலையா?”

“சொல்லல. வலிதான் சார். வலி. வலின்னே எழுதுங்க.”

டாக்டர் இரண்டு விரலால் நிதானமாகத் தட்டினார். லீமா அக்கா உள்ளே வந்து, அவர் இருப்பதைப் பொருட்படுத்தாமல், கம்மலை எடுத்துத் தங்கையின் காதில் மாட்டினாள். “நிமிந்து நில்லுட்டி, திருகு ஏறல” என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

2022 ஆகஸ்ட் 19 அன்று வாரியம் மகளிர் அணிக்கான ஒப்பந்தப் பட்டியலை வெளியிட்டது. போன அக்டோபரிலிருந்து செல்லும் என்று அறிவிப்பில் இருந்தது. பதினாறு பெயர்கள். வினோலியாவின் முதுகு அறுவை சிகிச்சைச் செலவை வாரியம் ஏற்றுக்கொண்டது. பட்டியலில் அவள் பெயர் இல்லை.